ராஜு அங்கிளின் வால்வு

“மிஸி, பொம்மைக்கு மூச்சு வந்துருச்சு. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க லா” என்று போன மாதம் கவிதா போன் செய்தாள். மிஸி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் நர்ஸ். கவிதா என்னிடம் படித்தவள். இப்போது நான் வேலை பார்த்த அதே தாதியர் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. முட்டி இரண்டும் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. ஆனாலும் மூச்சு விடும் பொம்மை என்றால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? போனேன்.

மாணவர்கள் பழகுவதற்கான அந்தப் பொம்மை கட்டிலில் ராஜா மாதிரி படுத்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. மணிக்கட்டில் நாடி துடித்தது. கண்ணைக்கூடச் சிமிட்டியது. பக்கத்தில் ஒரு திரை, அதில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு மாணவர்களும் திரையைத்தான் பார்த்தார்கள். பாவம், பொம்மையை ஒருவரும் கவனிக்கவில்லை.

“இது ‘போடி வெளிய’ன்னு சொல்லுமா?” என்று கேட்டேன்.

“அந்த வசதி இன்னும் வரல மிஸி.”

“அப்ப இது நம்ம வார்டு ஆள் இல்ல.”

பிள்ளைகள் சிரித்தார்கள். கவிதா சிரிக்காமல் என் காதருகே வந்தாள். “ராஜு அங்கிள் கதைய நீங்களே சொல்லிருங்க மிஸி. நான் சொன்னா உங்களக் காப்பாத்திச் சொல்லிருவேன்” என்றாள். அன்று நின்றபடியே சொன்னேன். அவசரத்தில் பாதியை விழுங்கிவிட்டேன். அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். எந்த மருத்துவமனை என்று மட்டும் கேட்காதீர்கள். மலேசியாவில், ஜோகூரில் எங்கோ ஒரு மனநல வார்டு, அவ்வளவுதான்.

என் படிப்பைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அப்பா லாயாங் லாயாங் ரயில் நிலையத்தில் வேலை செய்தார். நான் ஜோகூர் பாருவில் மூன்று வருடம் தாதியர் படிப்பு, அறுவை சிகிச்சை வார்டில் ஆறு வருடம், பிறகு மனநல வார்டு, அதன் பிறகு பயிற்றுநர். விவரமாகச் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். எனக்கே கொட்டாவி வருகிறது.

மனநலத் தாதியர் பயிற்சிக்கு வருகிறவர்கள் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் இல்லை. பொது வார்டில் நாலைந்து வருடம் ஊசி போட்டு, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டி, ரத்த அழுத்தம் பார்த்துத் தேறியவர்கள். ஆனால் எங்களிடம் வந்த ஒரே மாதத்தில் அவர்களுக்கு விசித்திரமான ஒரு நோய் பிடிக்கும். கை காணாமல் போய்விடும். “இங்க பேச்சுதானே மிஸி வேலை” என்பார்கள். ஸ்டெதஸ்கோப் அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ரத்த அழுத்தக் கருவி, பைல்கள் காற்றில் பறக்காமல் இருக்கப் பயன்படும். மனசுக்கு வைத்தியம் பார்க்க வந்தவருக்கு உடம்பு இருக்காது என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. காணாமல் போன கையைத் தேடிப் பிடித்து மறுபடி மாட்டிவிடுவதுதான் என் பாடம். கால அட்டவணையில் அதற்கு ‘உடல் பராமரிப்புத் திறன்கள்’ என்று கௌரவமான பெயர். கொடுத்த நேரம் வியாழக்கிழமை மதியம், பிரியாணிக்குப் பிறகு.

இந்த நோய் எனக்கும் வந்ததுதான். குணப்படுத்தியவர் மேட்ரன் தங்கேஸ்வரி. தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம், அப்பா அரசாங்கக் கிளார்க். மேட்ரனின் வெள்ளை உடுப்பில் மடிப்பு கத்தி போல நிற்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையும் நீ என்று சொன்னதில்லை. திட்ட மாட்டார், கேள்விதான் கேட்பார். அந்தக் கேள்வி வருவதற்குப் பதிலாக நாலு அடி வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும்.

நான் மனநல வார்டுக்கு வந்த புதிதில் ஒரு நாள் காலை பன்னிரண்டு பேருடைய அட்டைகளையும் எழுதி முடித்து வைத்தேன். மேட்ரன் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“பத்மா, பன்னிரண்டு பேரும் நிமிஷத்துக்கு இருபது மூச்சு விடுறாங்க.”

“ஆமா மேட்ரன்.”

“நம்ம கோயில் பஜனைக் குழுகூட இவ்வளவு ஒத்துமையாப் பாடாது. நீங்க எண்ணினீங்களா, எழுதினீங்களா?”

மனநல வார்டில் இருபது என்பது பரம்பரைச் சொத்து. காலை ஷிப்ட் எழுதினதை மாலை ஷிப்ட் எழுதும், அதை அடுத்த நாள் பார்த்து எழுதுவார்கள். மேட்ரன் என் கூடவே நின்றார். பன்னிரண்டு பேருக்கும் மறுபடி எண்ணினேன். ஒருவருக்குக்கூட இருபது வரவில்லை.

எண்ணும் முறையை அன்றுதான் சரியாகக் கற்றுக்கொண்டேன். மூச்சை எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் மூச்சு விடுவதை ஒரு வேலையாக எடுத்துச் செய்ய ஆரம்பித்துவிடுவார். முதலில் உள்ளங்கை இரண்டையும் காட்ட வேண்டும். “நாடி பாக்கவா?” என்று அனுமதி கேட்க வேண்டும். நேர் எதிரில் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நிற்க வேண்டும். அவருக்கும் கதவுக்கும் நடுவில் நின்று வழியை மறைக்கக் கூடாது. கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மணிக்கட்டைப் பிடித்து, அதை அவர் நெஞ்சின் மேல் சாய்த்து வைக்க வேண்டும். நாடியை எண்ணி முடித்ததும் கையை எடுத்துவிடக் கூடாது. இன்னும் நாடிதான் பார்க்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும், முழு ஒரு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது கணக்கு வாத்தியார் வேலை என்பார் மேட்ரன்.

பழக்குவதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மீன்குழம்பு வைக்கும் முறையைச் சொல்வார். நாங்கள் அவருடைய மூச்சை எண்ண வேண்டும். நடுவில் திடீரென்று, “புளி எப்ப ஊத்தணும்னு சொன்னேன்?” என்று கேட்பார். புளியும் தப்பக் கூடாது, எண்ணிக்கையும் தப்பக் கூடாது. நான் பயிற்றுநர் ஆனதும் இதே வழியைத்தான் பிடித்துக்கொண்டேன். மீன்குழம்புக்குப் பதில் சம்பால் சோத்தோங் என்ற கணவாய்ப் பிரட்டல், அது ஒன்றுதான் வித்தியாசம். இப்படித் தேறிய நான்தான் ராஜு அங்கிள் விஷயத்தில் அப்படி நடந்துகொண்டேன்.

ராஜு அங்கிள் நோய் வருவதற்கு முன் பாசிர் கூடாங்கில் எண்ணெய் டேங்க்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். கம்பெனி பஸ்ஸில் போய் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தவர். எங்கள் வார்டுக்கு வந்தபோது ஐம்பது தாண்டியிருந்தது. நான் அப்போது பயிற்றுநர், மாணவர்களோடு தினமும் வார்டுக்குப் போவேன். தன் வயிறே ஒரு டேங்க், அதில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, யாராவது வால்வைத் திறக்காவிட்டால் வெடித்து, தாமான் குடியிருப்பில் உள்ள வீடெல்லாம் எரிந்துவிடும் என்று நம்பினார். தன்னைப் பற்றிய பயம் அவருக்கு இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை நினைத்துத்தான் கத்துவார். சாப்பிட மாட்டார், படுக்க மாட்டார்.

ஒரு நாள் காலை எனக்கு என்ன தோன்றியதோ, அவர் முன்னால் நின்று, தொப்புள் உயரத்தில் காற்றில் இரண்டு கையாலும் ஒரு சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினேன். “ஸ்ஸ்ஸ்” என்று ஓசையும் கொடுத்தேன். அவர் உற்றுப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். உட்கார்ந்து ரொட்டியைச் சாப்பிட்டார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரிடம் சொன்னேன், மேட்ரனிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். கொஞ்ச நாளில் அது வார்டு வழக்கமே ஆகிவிட்டது. காலையில் யார் வலம் வந்தாலும் அங்கிளின் வால்வைத் திறந்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். தரை துடைக்க வரும் அம்மாகூடத் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு திருப்புத் திருப்புவார். புது மாணவர்கள் தப்பான பக்கம் திருப்பினால் அங்கிளே திருத்துவார். “அலமாக், இடது பக்கம் லா! அது மூடுற பக்கம்.” யாரும் அவரைத் தொட வேண்டியதே இல்லை. ஓர் அடி தள்ளி நின்றால் போதும்.

பிறகு டாக்டர் அவருக்கு ஒரு புது மாத்திரை ஆரம்பித்தார். நல்ல மாத்திரை. பயம் குறைந்தது, தூக்கம் வந்தது. ஆனால் அந்த மாத்திரைக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. குடலையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும். இதை வகுப்பில் பாடமாக எடுத்ததே நான்தான். வெண்பலகையில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டுச் சொல்லியிருக்கிறேன்.

மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் ஒரு நாள் காலை ஏழு மாணவர்களை வார்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். அதில் ஒருத்தி கவிதா. சிம்பாங் ரெங்கம்காரி. எதையும் நிதானமாகத்தான் செய்வாள். மற்றவர்கள் நாலு பேரைப் பார்த்து முடிக்கும்போது அவள் முதல் ஆளிடம் பேர் கேட்டுக்கொண்டிருப்பாள். ரயில்வே வீட்டில் பிறந்த நான் அவளுக்குக் கூட்ஸ் வண்டி என்று பேர் வைத்திருந்தேன்.

ராஜு அங்கிள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ரொட்டி தொடப்படாமல் இருந்தது. கோப்பையில் மைலோ ஆறி ஆடை படிந்திருந்தது.

“மிஸி, வால்வு ஸ்டக் ஆயிருச்சு” என்றார்.

மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? முன்னால் போய் நின்று கம்பீரமாகத் திருப்பினேன். ஸ்ஸ்ஸ்.

“இப்ப எப்படி இருக்கு அங்கிள்?”

“தொறக்கல மிஸி.”

இன்னும் நாலு சுற்றுச் சேர்த்துத் திருப்பினேன். முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து, துருப்பிடித்த வால்வைத் திறப்பது போல நடித்தேன். மாணவர்கள் சிரித்தார்கள். அங்கிள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். “மதியத்துக்குள்ள சரியாயிடும் அங்கிள்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அந்தப் பார்வையை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தும் நகர்ந்தேன்.

மூன்று கட்டில் தாண்டித் திரும்பிப் பார்த்தால் ஆறு பேர்தான் என் பின்னால் இருந்தார்கள்.

“கூட்ஸ் வண்டி, கிளம்பு” என்று கூப்பிட்டேன்.

கவிதா நிமிரவில்லை. அங்கிளின் பக்கவாட்டில் நின்று அவர் மணிக்கட்டை நெஞ்சின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்வை கடிகாரத்துக்கும் நெஞ்சுக்கும் போய்வந்தது. ஒரு நிமிடம் ஆனது.

“இருபத்தெட்டு மிஸி” என்றாள்.

“மறுபடி எண்ணு.”

“ரெண்டு தடவ எண்ணிட்டேன். நாடி நூத்திப் பதினெட்டு.”

அட்டையில் இருபது என்று இருந்தது. முந்தின நாளும் இருபது, அதற்கு முந்தின நாளும் இருபது. கவிதா அங்கிளிடம் உள்ளங்கைகளைக் காட்டினாள். தேய்த்துச் சூடாக்கினாள். “அங்கிள், வயித்தத் தொட்டுப் பாக்கவா?” என்று கேட்டாள். அவர் சட்டையைத் தூக்கினார்.

நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. வயிறு மேளம் மாதிரி உப்பி, தோல் இழுபட்டு மினுங்கியது. என் கால் தானாக அங்கே போனது. அவள் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றின் நாலு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டாள். டீ வண்டி வந்தது, போனது. அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை நான் அவசரப்படுத்தவில்லை.

“சத்தமே இல்ல மிஸி.”

நானும் வாங்கிக் கேட்டேன். பசித்த வயிறு, நிறைந்த வயிறு எல்லாமே ஏதாவது முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கும். இவருடைய வயிறு பூட்டிய வீடு போல இருந்தது. கடைசியாக எப்போது மலம் போனது என்று கேட்டேன். எட்டு விரலைக் காட்டினார். எட்டு நாள். ஆனால் அட்டையில் எட்டு நாளும் டிக் போட்டிருந்தது. காலைச் சாப்பாட்டின்போது வாசலில் நின்று, “அங்கிள், இன்னிக்கு ஆச்சா?” என்று குரல் கொடுப்போம். அவர் மரியாதைக்குக் கட்டை விரலை உயர்த்துவார். நாங்கள் டிக் போடுவோம்.

குடல் அடைத்து வெடித்தால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆறு வருடம் அறுவை சிகிச்சை வார்டில் அதைப் பார்த்தவள். டாக்டர் ஓடி வந்தார். மூக்கு வழியாகக் குழாய், கையில் டிரிப், அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ். நான் கூடவே ஏறிக்கொண்டேன். தாத்தா காலத்து ரோட்டில் ஆம்புலன்ஸ் குலுங்கிய ஒவ்வொரு தடவையும் அவர் என் கையை நெரித்தார்.

“வெடிச்சா தாமான் எரிஞ்சிரும் மிஸி” என்றார்.

“எரியாது அங்கிள்” என்றேன். வழக்கம்போல வால்வைத் திருப்பிக்காட்ட எனக்குக் கை வரவில்லை. நீங்கள் செத்துவிடாதீர்கள், செத்துவிடாதீர்கள் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அன்று மாலைக்குள் அறுவை சிகிச்சை முடிந்தது. குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மலம் வெளியேற வயிற்றில் ஒரு வழி வைத்துப் பை மாட்டியிருந்தார்கள். இன்னும் அரை நாள் போயிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார்.

மறுநாள் காலை மேட்ரன் எங்கள் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஓய்வு பெற அவருக்கு ஒரு வருடம்கூட இல்லை. குரல் மாறவே இல்லை.

“ராஜுவோட வயித்தக் கடைசியாக் கையால தொட்டது யாரு?”

அவர் அட்டைகளைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். ஒரு மாதம், இரண்டு மாதம்.

“வால்வு என் யோசனைதான் மேட்ரன்” என்றேன். “நேத்துக் காலையும் நான்தான் திருப்பினேன். அவர் திறக்கலன்னு சொன்னாரு. நான் போயிட்டேன்.”

மேட்ரன் அட்டையை மூடினார். “வால்வு நல்ல யோசனை பத்மா. அதனாலதான் அவர் சாப்பிட்டாரு, தூங்கினாரு. ஆனா அதத் திருப்பினதும் அவரப் பாத்துட்டோம்னு நாம நினைச்சிட்டோம்.” மூடிய அட்டையை என் பக்கம் தள்ளினார். “நானும் ரெண்டு தடவ திருப்பியிருக்கேன்.”

கத்தி மடிப்பு உடுப்போடு மேட்ரன் காற்றில் வால்வைத் திருப்புவதை நினைத்துப் பார்த்தால் வேறொரு நாளில் சிரித்திருப்பேன். அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். என் பெயரை மேலே எழுதினேன். மேட்ரன் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து அங்கிள் திரும்பி வந்தார், வயிற்றில் பையோடு. வார்டில் எல்லோருக்கும் உதறல். கோபத்தில் நாற்காலியைத் தூக்குகிறவரைக் கண்டு பயப்படாதவர்கள் ஒரு சின்னப் பையைக் கண்டு சுவரோடு ஒட்டி நின்றார்கள். நான் மாணவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்ய வேண்டும். கனம் ஏறினால் தோலிலிருந்து பிய்ந்துவிடும். அடிப்பக்கத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கிளிப்பை எடுக்க வேண்டும், பிறகு இறக்கிக் கொட்ட வேண்டும், பையின் வாயைத் துடைத்துவிட்டு மூட வேண்டும். அங்கிள் குனிந்து ஒரு தொழிலாளியின் கண்ணோடு பார்த்தார். “ஓ, சின்ன டேங்க். அவுட்லெட் கீழ” என்றார். இரண்டாம் நாளே தானே செய்தார். மூன்றாம் நாள் மாணவர்களைத் திட்ட ஆரம்பித்தார். “கிளிப்ப முழுசா அழுத்து லா, லீக் ஆகும்!”

அன்று பிள்ளைகள் போனதும் அவர் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

“அங்கிள், அன்னிக்கு நீங்க சொன்னீங்க. நான் கேக்கல. மன்னிச்சிருங்க.”

அவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். அவசரப்படாமல் மடித்து முடித்தார்.

“எங்க வேலையில டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு கீழ நின்னுக்கிட்டு எழுத மாட்டோம் மிஸி. மழையா இருந்தாலும் ஏணியில ஏறணும். மேல மூடியத் தொறக்கணும். டேப்ப உள்ள எறக்கிப் பாத்துட்டுத்தான் எழுதணும். நீங்க தெனமும் வந்தீங்க. நல்லாத்தான் பேசினீங்க. ஆனா கீழயே நின்னுட்டீங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. நோயாளி முன்னால் அழக் கூடாது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அவர் என்னை அழவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு சட்டையைத் தூக்கினார்.

“ஏறிப் பாருங்க” என்றார்.

உள்ளங்கை இரண்டையும் காட்டினேன். தேய்த்தேன், ஆனால் சூடு ஏறவில்லை. பையை விட்டுத் தள்ளி, தழும்புக்கு இந்தப் பக்கம் கையை வைத்தேன்.

“அலமாக் மிஸி, ஐஸ்!” என்று நெளிந்தார். ஆனால் விலகவில்லை. என் கைக்குக் கீழே அவருடைய குடல் மெதுவாக ஒரு முறை உருண்டு நகர்ந்தது.